கிறித்தவமும் சூழலியலும்

கிறித்தவமும் சூழலியலும் என்பது, இயற்கையைப் பேணுவது இறைநம்பிக்கையின் ஒரு பகுதி என்னும் கிறித்தவச் சிந்தனையையும் அதைச் சார்ந்த செயற்பாடுகளையும் குறிக்கும். இது படைப்பைப் பேணுதல் எனவும் அழைக்கப்படுகிறது. உலகம் கடவுளுக்கு உரியது. மனிதர் அதன் உரிமையாளர் அல்லர், பொறுப்பாளர் மட்டுமே என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும்.

விவிலிய அடிப்படை

தொடக்க நூலின் முதல் அதிகாரம் (1:28) மண்ணுலகை ஆளும் பணியை மனிதருக்கு அளிக்கிறது. இரண்டாம் அதிகாரம் (2:15) ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கும் பணியை அளிக்கிறது. இவ்விரு பகுதிகளையும் எவ்வாறு இணைத்துப் புரிந்துகொள்வது என்பதே இச்சிந்தனையின் மையக் கேள்வி. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தர வேண்டும் என்னும் சட்டம் லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் உள்ளது. நகரை முற்றுகையிடும் காலத்திலும் கனிமரங்களை வெட்டலாகாது என்று இணைச் சட்டம் (20:19) விதிக்கிறது.

விமர்சனமும் மறுமொழியும்

அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் வைட் 1967இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், இயற்கையை மனிதரின் பயனுக்கானதாக மட்டும் கருதிய மேலைக் கிறித்தவமே சூழல் நெருக்கடிக்கு ஒரு வேர் என்று வாதிட்டார். அதே கட்டுரையில் அசிசியின் பிரான்சிசைச் சூழலியலாளரின் பாதுகாவலராகக் கொள்ளலாம் எனவும் முன்மொழிந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979இல் அவரை அவ்வாறே அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிசு 2015இல் இப்பொருளைப் பற்றி 'லவ்தாத்தோ சி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். செப்டம்பர் 1ஆம் நாளைப் படைப்புக்கான இறைவேண்டல் நாளாகக் கடைப்பிடிக்கும் வழக்கத்தை மரபுவழித் திருச்சபை 1989இலும் கத்தோலிக்கத் திருச்சபை 2015இலும் தொடங்கின.

தமிழ்நாட்டில்

பழனி மலைகள்

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவியருள் சிலர் இயற்கை ஆய்வில் ஈடுபட்டனர். பிரெஞ்சுத் துறவி லூயி ஆங்கிலேடு பழனி மலைத் தாவரங்களை வண்ண ஓவியங்களாக வரைந்தார். கே. எம். மாத்யூ (1930–2004) 1967இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில், உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகமான இராபினாட் உலர்தாவரகத்தை நிறுவினார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் 1999இல் வெளியானது. 1985இல் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவின் தோற்றத்திலும் அவர் பங்கேற்றார்.

இம்மலைகளின் இயல்பான நிலத்தோற்றம் சோலைக்காடும் புல்வெளியும் கலந்ததாகும். பின்னாளில் நடப்பட்ட வாட்டில், தைலமரம், பைன் போன்ற அயல் மரங்கள் புல்வெளிகளின் பெரும்பகுதியை மூடிவிட்டன. எனவே மரம் நடுவது மட்டுமே இயற்கையைப் பேணுதல் ஆகாது. எந்த நிலத்துக்கு எந்தத் தாவரம் உரியது என அறிவதும் அதற்கு இன்றியமையாதது.

கடற்கரை

1989இல் தேசிய மீனவர் பேரவை, நீரையும் உயிரையும் காப்போம் என்னும் முழக்கத்துடன் இந்தியாவின் இரு கடற்கரைகளிலிருந்தும் கன்னியாகுமரி நோக்கிப் பயணம் நடத்தியது. இப்பேரவையின் தலைவர்களுள் ஒருவரான தாமசு கொச்சேரி கத்தோலிக்கக் குரு ஆவார். மே 1 அன்று கன்னியாகுமரியில் நடந்த நிறைவு நிகழ்வின்போது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 2011இல் தீவிரமடைந்த கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புப் போராட்டத்துக்கு இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகம் மையமாக விளங்கியது. அணுவுலை பாதுகாப்பானது என்பது அரசின் நிலைப்பாடு. முதல் உலை 2014 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது.

தென்னிந்தியத் திருச்சபை

தென்னிந்தியத் திருச்சபை சூழலியலுக்கெனத் தனித் துறை ஒன்றைக் கொண்டுள்ளது. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5ஐ ஒட்டிய ஞாயிறு அதன் ஆலயங்களில் சுற்றுச்சூழல் ஞாயிறாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

விவாதங்கள்

சூழல் காப்பு வாழ்வாதாரத்துடன் மோதும் இடங்களில் இச்சிந்தனை சோதனைக்கு உள்ளாகிறது. இழுவலைப் படகுகள் கடலடி வளத்தை அழிப்பதாக நாட்டுப்படகு மீனவர் குற்றஞ்சாட்டுகின்றனர். தென் மாவட்டங்களில் இரு தரப்பிலும் கிறித்தவர் உள்ளனர். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் விதிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலம் 2017இல் 45 நாள்களிலிருந்து 61 நாள்களாக உயர்த்தப்பட்டது. மீன்கள் பெருகத் தரப்படும் இந்த இடைவெளியை, நிலத்துக்கு ஓய்வளிக்கும் பழைய விவிலியச் சட்டத்துடன் ஒப்பிடலாம். எனினும் அவ்வோய்வின் சுமையை யார் ஏற்பது என்பது விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது.