எரிந்த ஊரின் வரலாறு யாருடையது?

ஒரு நகரத்தின் வரலாறு எங்கிருந்து தொடங்குகிறது? ஹம்மர்பெஸ்ட்டைப் பொறுத்தவரை உத்தியோகபூர்வமான பதில் தெளிவானது. 1789 யூலை 17 அன்று, டென்மார்க்–நோர்வே முடியாட்சி இதற்கும் வார்டோவுக்கும் நகர உரிமை வழங்கியது. வடக்கின் மீன் வணிகத்தை ஏகபோகத்திலிருந்து விடுவிப்பதே நோக்கம். ஆனால் உரிமைப் பத்திரம் ஊராகிவிடாது. பத்தாண்டுகளுக்குப் பின்னரும் அங்கு நூறு பேர்கூட வாழவில்லை. அந்தக் கரையிலோ, பத்திரம் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சாமி மக்களும் மீனவர்களும் வாழ்ந்து வந்தனர்.

ஊரை வளர்த்தது உறையாத துறைமுகம். அட்லாந்திக்கின் வெப்ப நீரோட்டம் 70 பாகைக்கும் வடக்கே கடலை மாரியிலும் திறந்து வைத்தது. வெண்கடற் பகுதியிலிருந்து ரஷ்ய வணிகர்கள் மாவுடன் வந்து மீனுடன் திரும்பினர். இருதரப்பும் பேசிக்கொள்ள ரஷ்யமும் நோர்வேஜிய மொழியும் கலந்த ஒரு துறைமுகமொழி உருவாயிற்று. எந்தப் பள்ளியும் கற்பிக்காத அந்த மொழி, 1917 புரட்சியின் பின் வணிகம் அறுந்தபோது மறைந்துபோனது. நெப்போலியன் காலப் போரில், 1809 இல், பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இச்சிற்றூரைச் சூறையாடின. இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தரிடமிருந்து 1796 இல் கைப்பற்றிய அதே கடற்பேரரசுதான் இது.

இங்குள்ள மெரிடியன் தூண், பூமியின் வடிவை அறிய 1816 முதல் 1855 வரை கருங்கடல் அருகிலிருந்து நடந்த அளவையின் வட முனையைக் குறிக்கிறது. இத்தகைய இன்னொரு அளவையை லாம்ப்டன் 1802 இல் சென்னைப் பரங்கிமலையருகே தொடங்கினார். தூண்கள் அளவையாளர்களை நினைவுகூர்கின்றன. சங்கிலி இழுத்தவர்களையும் மூட்டை சுமந்தவர்களையும் அல்ல.

1890 இல் பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழித்தது. மறு ஆண்டே தெருக்களில் மின்விளக்குகள் எரிந்தன. இரண்டு மாதங்கள் சூரியன் உதிக்காத ஊரில் இது ஆடம்பரமன்று. மீளக்கட்டுவதற்கு ஜேர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மும் நன்கொடை அனுப்பினார். 54 ஆண்டுகளின் பின் எரித்ததும் ஜேர்மன் படைதான். 1944 ஒக்ரோபர் 28 அன்று ஹிட்லர் இட்ட கட்டளைப்படி, பின்வாங்கிய படையினர் பின்மார்க்கையும் வட துரொம்ஸையும் எரித்தனர். ஏறத்தாழ 50,000 பேர் தெற்கே விரட்டப்பட்டனர். பல ஆயிரம் பேர் குகைகளிலும் மண்குடிசைகளிலும் ஒளிந்து மாரியைக் கழித்தனர். ஹம்மர்பெஸ்ட்டில் எஞ்சியது சிறிய மயானச் சிற்றாலயம் ஒன்றே.

இங்கு எமக்குரிய கேள்வி எழுகிறது. போர் முடிந்ததும், வீடில்லாத இடத்துக்கு உடனே திரும்பவேண்டாம் என அதிகாரிகள் தடுத்தனர். மக்கள் கேட்கவில்லை. அனுமதியின்றியே திரும்பி, கிடைத்த பலகையையும் தகரத்தையும் கொண்டு குடில் அமைத்தனர். திட்டமிட்ட மீள்கட்டுமானம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. எரிந்த ஊரை மீண்டும் ஊராக்கியவர்கள் அவர்களே. அவர்களது அன்றாடத்தைச் சொல்ல 1998 இல் ஒரு மீள்கட்டுமான அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

போருக்குப் பிந்திய வடக்கை நிமிர்த்தியவை மீன் ஆலைகள். 1980களிலிருந்து பின்மார்க் கரையோர ஆலைகளில் எம்மவரும் கத்தி பிடித்தனர். குளிர்நீரில் விறைத்த விரல்களால் உழைத்து ஊருக்குக் காசு அனுப்பினர். பின்னர் பலர் ஒஸ்லோவுக்கு நகர்ந்தனர். அவர்களைப் பற்றி நோர்வேஜிய மானிடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் எழுதியது எவ்வளவு?

1981 இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பேசும் நாம், எரியாமலே அழிந்துகொண்டிருப்பதையும் பேசவேண்டும். சம்பளச் சிட்டைகள், ஒலிநாடாக் கடிதங்கள், ஆலை விடுதிப் புகைப்படங்கள் எல்லாம் வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. அரசர்களையும் போர்களையும் மட்டும் வரலாறு என்று நம்பும் பழக்கம், எமது உழைப்பாளிகளை ஹம்மர்பெஸ்ட்டின் ஆரம்பகாலச் சாமி மக்களைப் போலவே பத்திரத்துக்கு வெளியே நிறுத்தும். வடக்கில் வேலைசெய்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். கேட்கவேண்டியவர்கள் நாம்தான்.