பரோசா பள்ளத்தாக்கு

பரோசா பள்ளத்தாக்கு என்பது தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில், அதன் தலைநகரான அடிலெய்டில் இருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள வேளாண் நிலப்பகுதி ஆகும். இது திராட்சை மது (ஒயின்) உற்பத்திக்குப் பெயர் பெற்றது. ஒயின் ஆலைகள், வடிசாலைகள், உணவகங்கள் ஆகியவற்றைக் காணவும் சுவைக்கவும் ஆண்டுதோறும் பெருந்தொகையான பயணிகள் இங்கு வருகின்றனர். உலகில் இன்றும் காய்த்துக்கொண்டிருக்கும் மிகப் பழைய திராட்சைக் கொடிகளில் சில இங்குள்ளன. ஐரோப்பாவின் பழைய கொடிகளைப் பூச்சி அழித்தபோது இவை தப்பின. நூறாண்டுகளுக்குப் பின்னர் சந்தை வீழ்ச்சி அவற்றுள் பலவற்றை வேருடன் பிடுங்க வைத்தது. எஞ்சியவற்றைக் காப்பாற்றியதே இப்பள்ளத்தாக்கின் அண்மைக்கால வரலாறு எனலாம்.

பெயர்

அடிலெய்டு நகரத்தைத் திட்டமிட்ட நில அளவையாளர் கர்னல் வில்லியம் லைட் 1837 இல் இப்பகுதிக்குப் பெயரிட்டார். ஸ்பெயின் நாட்டில் 1811 இல் நடைபெற்ற பரோசா போரின் நினைவாக அப்பெயர் சூட்டப்பட்டது. அப்போரில் வெற்றி பெற்ற பிரித்தானியத் தளபதி லிண்டாக் பிரபு, லைட்டின் நண்பர் ஆவார். ஸ்பெயினில் உள்ள இடத்தின் பெயர் இரட்டை 'ர'கர எழுத்தும் ஒற்றை 'ச'கர எழுத்தும் கொண்டது. பதிவேட்டில் எழுதும்போது இது தலைகீழாக மாறியது. அப்பிழை திருத்தப்படாமலே நிலைத்துவிட்டது. தளபதியின் பெயரைத் தாங்கிய லிண்டாக் ஊரின் எழுத்தும் இவ்வாறே ஓர் எழுத்துக் குறைந்து வழங்குகிறது.

அமைவிடமும் காலநிலையும்

வடக்கு பாரா ஆறு இப்பள்ளத்தாக்கின் ஊடாக ஓடுகிறது. தனுண்டா, நூரியூட்பா, ஆங்காஸ்டன் ஆகியன முதன்மையான ஊர்கள். முதல் இரண்டும் பழங்குடி மொழிகளில் இருந்து வந்த பெயர்கள். ஐரோப்பியர் வருகைக்கு முன்னர் பெரமாங்க், ஙாஜுரி, கௌர்னா ஆகிய பழங்குடி மக்கள் இந்நிலப்பகுதியில் வாழ்ந்தனர்.

இங்கு நிலவுவது மத்தியதரைக்கடல் வகைக் காலநிலை. கோடை வெப்பமும் வறட்சியும் மிக்கது. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்கிறது. தென் அரைக்கோளத்தில் இருப்பதால் திராட்சை அறுவடை பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடைபெறும். பள்ளத்தாக்கின் தரைப்பகுதியில் ஷிராஸ், கிரனாஷ், மத்தாரோ, கேபர்னே சாவிஞோன் முதலிய சிவப்பு ஒயினுக்குரிய வகைகள் மிகுதியாகப் பயிராகின்றன. கிழக்கே உயரமான நிலத்தில் அமைந்த ஈடன் பள்ளத்தாக்கு குளிர்ச்சியானது. ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினுக்குப் பெயர் பெற்றது. இவ்விரண்டும் சேர்ந்ததே சட்டப்படி 'பரோசா' எனப்படும் ஒயின் மண்டலம் ஆகும்.

வரலாறு

ஜெர்மானியர் குடியேற்றம்

பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் தம் நாட்டின் லூத்தரன் திருச்சபையையும் சீர்திருத்தத் திருச்சபையையும் ஒன்றாக்கி, பொதுவான வழிபாட்டு முறையைப் புகுத்தினார். இதனை ஏற்க மறுத்த லூத்தரன் சமயத்தவர், போதகர் ஆகஸ்ட் காவெல் தலைமையில் 1838 இல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். லண்டன் வணிகர் ஜார்ஜ் ஃபைஃப் ஆங்காஸ் அவர்களுக்குக் கடனுதவி அளித்தார். 1842 இல் பெத்தானி என்னும் ஊர் உருவானது. பள்ளத்தாக்கில் ஜெர்மானியர் அமைத்த முதல் குடியேற்றம் இதுவே. இவர்களுள் பலர் சிலேசியா பகுதியைச் சேர்ந்த உழவர்கள்.

முதல் உலகப்போர்க் காலத்தில் இவர்களின் வழித்தோன்றல்கள் ஐயத்துடன் நோக்கப்பட்டனர். 1917 இல் லூத்தரன் பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மாநிலத்தில் இருந்த ஜெர்மானிய ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. ஞாடன்ஃபிரை என்ற ஊர் மரனங்கா ஆனது. கைசர்ஸ்டூல் மலை, பிரித்தானியப் படைத்தலைவரின் பெயரால் கிச்சனர் மலை எனப்பட்டது; 1975 இல் பழைய பெயர் மீட்கப்பட்டது.

தப்பிப் பிழைத்த கொடிகள்

ஃபில்லாக்சரா என்பது வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, அசுவினிக்கு உறவான மிகச் சிறிய பூச்சி ஆகும். இது திராட்சையின் வேரை உறிஞ்சுகிறது. அதனால் ஏற்படும் புண்களின் வழியே வேர் அழுகி, கொடி சில ஆண்டுகளில் மடிகிறது. 1860களில் பிரான்சை அடைந்த இப்பூச்சி, அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பியத் தோட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. பூச்சியைத் தாங்கக்கூடிய அமெரிக்கத் திராட்சையின் வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டி நடுவதே அதற்குக் கிடைத்த தீர்வு. இன்று ஐரோப்பாவில் உள்ள கொடிகளில் மிகப்பெரும்பாலானவை இவ்வாறு மீண்டும் நடப்பட்டவையே.

ஆஸ்திரேலியாவில் இப்பூச்சி 1877 இல் விக்டோரியாவின் ஜீலாங் நகருக்கு அருகில் கண்டறியப்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா 1899 இல் ஃபில்லாக்சரா சட்டத்தை இயற்றி, கொடி, மண், கருவிகள் ஆகியன மாநிலத்துக்குள் வருவதைக் கட்டுப்படுத்தியது. இன்றுவரை அம்மாநிலத்தில் இப்பூச்சி காணப்படவில்லை. இதனால் பிரான்சில் இருந்து ஜேம்ஸ் பஸ்பி முதலியோர் கொண்டுவந்த தண்டுகளின் வழிவந்த கொடிகள், சொந்த வேரிலேயே இங்கு முதுமை அடைந்துள்ளன. லாங்மைல் ஆலையின் 'ஃபிரீடம்' தோட்டத்தில் 1843 இல் நடப்பட்டதாகக் கூறப்படும் ஷிராஸ் கொடிகளும், டர்க்கி ஃபிளாட் தோட்டத்தில் 1847 ஆம் ஆண்டுக் கொடிகளும் உள்ளன.

1980களின் நெருக்கடி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆஸ்திரேலியாவில் பெரிதும் விற்பனையானது, வடிசாராயம் சேர்த்த இனிப்பு ஒயினே. பின்னர் மக்களின் சுவை வெள்ளை ஒயினை நாடியது. ஷிராஸ் திராட்சை தேங்கியது, விலை சரிந்தது. 1970களின் இறுதியில், பீட்டர் லீமன் என்னும் ஒயின் வல்லுநரிடம், திராட்சை வாங்குவதை நிறுத்துமாறு அவர் பணிபுரிந்த நிறுவனம் பணித்தது. பல ஆண்டுகளாகத் தமக்குத் திராட்சை அளித்து வந்த உழவர்களைக் கைவிட மனமின்றி, அவர் கூட்டாளிகளுடன் சேர்ந்து 1979 இல் தனி நிறுவனம் தொடங்கினார். வெற்றி நிச்சயமற்ற முயற்சி என்பதால், சூதாடிக் கதைமாந்தர் ஒருவரின் பெயரால் அதற்கு 'மாஸ்டர்சன்' எனப் பெயரிட்டார். பின்னர் அது அவருடைய பெயரிலேயே இயங்கியது.

எனினும் 1980களின் நடுப்பகுதியில், கொடிகளைப் பிடுங்கும் உழவர்களுக்கு அரசு இழப்பீடு வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விளைச்சல் குறைந்த மிகப் பழைய கொடிகளே முதலில் பலியாயின. ஒரு நூற்றாண்டு வளர்ந்த கொடியைப் பிடுங்க ஒரு நாள் போதும். மீண்டும் பெற இன்னொரு நூற்றாண்டு வேண்டும் என்பதே இதன் இழப்பு. 1984 இல் ராக்ஃபோர்டு ஆலையை நிறுவிய ராபர்ட் ஓ'கலகன் போன்றோர், பழைய கொடிகளின் திராட்சையை வாங்கி உயர்தர ஒயினாக விற்று, அவற்றை வைத்திருப்பதே ஆதாயம் எனக் காட்டினர். 1990களில் பரோசா ஷிராஸ் வெளிநாடுகளில் புகழ் பெற்றது. பிடுங்கும் போக்கு நின்றது.

2009 இல் பரோசா உற்பத்தியாளர் அமைப்பு கொடிகளை வயதுப்படி நான்கு வகையாகப் பதிவு செய்யும் 'பழங்கொடிப் பட்டயம்' ஒன்றை வெளியிட்டது.

* 35 ஆண்டும் மேலும்: பழங்கொடி
* 70 ஆண்டும் மேலும்: தப்பிப் பிழைத்த கொடி
* 100 ஆண்டும் மேலும்: நூற்றாண்டுக் கொடி
* 125 ஆண்டும் மேலும்: மூதாதைக் கொடி

ஒயின் ஆலைகள்

பள்ளத்தாக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒயின் ஆலைகள் உள்ளன. இவற்றுள் பல, பார்வையாளர்கள் ஒயினைச் சுவைத்து வாங்கும் சுவைக்கூடங்களை நடத்துகின்றன. சில முன்பதிவு செய்தவர்களை மட்டுமே ஏற்கின்றன. குறிப்பிடத்தக்க சில ஆலைகள் வருமாறு:

* செப்பெல்ட்ஸ்ஃபீல்டு: ஜோசப் செப்பெல்ட் 1851 இல் நிறுவியது. இவருடைய மகன் பென்னோ, 1878 இல் சிறந்த போர்ட் வகை ஒயினைப் பீப்பாயில் நிரப்பி, நூறாண்டுகள் திறக்கக் கூடாது எனப் பணித்தார். அது 1978 இல் திறக்கப்பட்டது. 1878 முதல் ஒவ்வோர் ஆண்டின் ஒயினும் இங்கு இடைவெளியின்றிப் பாதுகாக்கப்படுகிறது. கட்டணம் செலுத்தி, தாம் பிறந்த ஆண்டின் ஒயினைப் பார்வையாளர் சுவைக்கலாம். நூறாண்டுகளில் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் எஞ்சுவது பாகு போல் திரண்டிருக்கும். 1930களின் பெருமந்தக் காலத்தில் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்காமல் வைத்திருப்பதற்காக நடப்பட்ட, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஈச்ச மரங்கள் இங்குள்ள சாலைகளின் ஓரங்களில் நிற்கின்றன.
* யலும்பா: சாமுவேல் ஸ்மித் 1849 இல் ஆங்காஸ்டனில் நிறுவிய குடும்ப நிறுவனம். தனக்கெனச் சொந்தமான பீப்பாய்ப் பட்டறையைக் கொண்டுள்ளது.
* ஜேக்கப்ஸ் கிரீக்: யோகான் கிராம்ப் 1847 இல் இவ்வோடைக்கு அருகே கொடிகளை நட்டார். ஓடையின் பெயரிலான ஒயின் 1976 இல் சந்தைக்கு வந்து உலகெங்கும் பரவியது.
* ஷாத்தோ தனுண்டா: 1890 இல் கட்டப்பட்ட பெரும் கற்கட்டடம். ஃபில்லாக்சராவால் ஐரோப்பிய உற்பத்தி குன்றிய காலத்தில் எழுந்தது.
* ராக்ஃபோர்டு: கூடைவடிவப் பிழிபொறி முதலிய பழைய இயந்திரங்களை இன்றும் பயன்படுத்துகிறது.

வடிசாலைகள்

ஒயினைக் காய்ச்சி வடித்தால் சாராயம் கிடைக்கிறது. நொதித்தல் முடிவதற்கு முன்னரே இதனைத் திராட்சைச் சாற்றில் சேர்த்தால் நொதியங்கள் இறந்துவிடும். சர்க்கரை எஞ்சி, இனிப்பான போர்ட் வகை ஒயின் உருவாகும். ஆகவே வடித்தல் இப்பள்ளத்தாக்கின் பழைய தொழில்களுள் ஒன்று. செறிவூட்டிய ஒயினின் சந்தை சுருங்கியபோது இத்தொழிலும் மங்கியது. 2010களில் ஜின் வடிக்கும் சிறு வடிசாலைகள் தோன்றின. மரனங்காவில் உள்ள செப்பெல்ட்ஸ்ஃபீல்டு ரோடு டிஸ்டில்லர்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. ஜினுக்கு மணம் தருவது சூனிப்பர் கனி. அதனுடன் நாரத்தை வகைப் பழத்தோல், உள்ளூர்ச் செடிகள் முதலியனவும் சேர்க்கப்படுகின்றன.

உணவு

சிலேசிய உழவர்கள் குளிர்காலத்துக்கென உணவைப் பதப்படுத்தும் முறைகளைக் கொண்டுவந்தனர். மெட்வர்ஸ்ட் எனப்படும் புகையூட்டிய இறைச்சிக் குழல், சதகுப்பையுடன் ஊறவைத்த வெள்ளரி, மேலே மாவுத்தூள் தூவிச் சுட்ட ஸ்ட்ராய்சல் கேக் ஆகியன இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. தனுண்டாவில் உள்ள ஏபெக்ஸ் அடுமனை 1924 இல் தொடங்கப்பட்டது. இதன் ரொட்டிகள் விறகு அடுப்பில் சுடப்படுகின்றன.

மேகி பியர் 1979 முதல் 1993 வரை நூரியூட்பா அருகே நடத்திய உணவகம், உள்ளூர் விளைபொருளைக் கொண்டே சமைப்பதைப் புகழ்பெறச் செய்தது. முதிராத திராட்சையின் புளிப்புச் சாறான வெர்ஜூவை 1984 இல் அவர் வணிக முறையில் தயாரிக்கத் தொடங்கினார். ஆங்காஸ்டனில் சனிக்கிழமை காலைகளில் உழவர் சந்தை கூடுகிறது. 1947 இல் தொடங்கிய திராட்சை அறுவடைத் திருவிழா, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது.

பார்வையாளர்களுக்கான விதிகள்

* கொடிகளுக்கு இடையே அனுமதியின்றி நடக்கக் கூடாது. ஃபில்லாக்சரா பூச்சி காலணியிலும் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு பரவக்கூடியது. நூற்றெண்பது ஆண்டுக் கொடிகளுக்கு ஒருவரின் காலணி மண்ணே போதுமான அச்சுறுத்தல் ஆகும்.
* 18 வயது நிறையாதவர்களுக்கு மது வழங்கப்படாது.
* வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் ஆல்ககால் அளவு 0.05 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். பயிலுநர், தற்காலிக உரிமம் பெற்றவர்களுக்கு இது சுழியம். ஆஸ்திரேலியாவில் 10 கிராம் ஆல்ககால் ஓர் அளவு எனக் கணக்கிடப்படுகிறது. 14.5 விழுக்காடு ஆல்ககால் கொண்ட ஷிராஸை 30 மில்லிலிட்டர் வீதம் ஐந்து முறை சுவைத்தால் ஏறத்தாழ 17 கிராம் உட்செல்லும். மூன்று ஆலைகளில் இவ்வாறு சுவைப்பவர் ஐந்து அளவுகளைக் கடந்துவிடுவார்.
* சுவைத்தபின் துப்புவதற்கென ஒவ்வொரு சுவைக்கூடத்திலும் கலம் வைக்கப்பட்டிருக்கும். அதனைப் பயன்படுத்துவது இழிவாகக் கருதப்படுவதில்லை. ஒயின் வல்லுநர்களின் வழக்கமும் அதுவே.
* பள்ளத்தாக்குக்குப் பயணிகள் தொடருந்து இல்லை. மது அருந்தாத ஓட்டுநர் ஒருவரையோ சுற்றுலா வண்டியையோ ஏற்பாடு செய்துகொள்வது வழக்கம்.

பாதுகாப்பு

அடிலெய்டு நகரம் வடக்கே விரிவடைந்து வருவதால், விளைநிலங்கள் வீட்டுமனைகளாவதைத் தடுக்க 2012 இல் மாநில அரசு தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. சந்தையின் ஏற்ற இறக்கம் மட்டும் நீடிக்கிறது. ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சீனா 2021 இல் விதித்த கடும் வரியால் சிவப்பு ஒயின் மீண்டும் தேங்கியது. அவ்வரி 2024 மார்ச்சில் நீக்கப்பட்டது. பழங்கொடிப் பட்டயம் கொடிகளைப் பிடுங்குவதைத் தடுக்கும் சட்டம் அன்று. அது ஒரு பதிவேடு மட்டுமே. பழைய கொடியின் குறைந்த விளைச்சலுக்கு நல்ல விலை கிடைக்கும்வரையே உழவரால் அதனை நிலத்தில் வைத்திருக்க இயலும்.