ஸ்பிரிட் தளவுலவியின் நினைவகக் கோளாறு
ஸ்பிரிட் நினைவகக் கோளாறு என்பது, செவ்வாய்க் கோளில் இயங்கிய நாசாவின் ஸ்பிரிட் தளவுலவியின் கணினியில் 2004 சனவரி 21 அன்று ஏற்பட்ட பழுதாகும். உட்பொதி முறைமைகளில் கோப்பு முறைமைச் சிக்கலைக் கண்டறிந்து சரிசெய்வதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

காரணம்
மின்சாரம் நின்றாலும் தரவை இழக்காத ஃபிளாஷ் நினைவகத்தில் ஸ்பிரிட்டின் கோப்புகள் சேமிக்கப்பட்டன. விண்பயணக் காலத்திலிருந்தே கோப்புகள் பெருகியதால், அவற்றின் அடைவுப் பட்டியலைத் தாங்க ராம் நினைவகத்தில் இடம் போதவில்லை. தொடங்கும்போதெல்லாம் அப்பட்டியலைப் படிக்க முயன்ற கணினி, மீண்டும் மீண்டும் மறுதொடக்கமானது. வன்பொருள் பழுதடையவில்லை.

தீர்வு
ஃபிளாஷ் நினைவகத்தை அணுகாமலேயே கணினி தொடங்குமாறு பொறியாளர்கள் கட்டளை அனுப்பினர். பின்னர் தேவையற்ற கோப்புகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய சிதைவுகளை நீக்கும் பொருட்டு, பெப்ரவரியில் நினைவகம் மறுவடிவூட்டம் செய்யப்பட்டது. இதன்பின் ஸ்பிரிட் 2010 மார்ச் வரை புவியுடன் தொடர்பில் இருந்தது.