தொட்டியின் மேல் எழுதிய சொல்

ரவாங் ஊரின் வரலாற்றைப் பேசுவோர் 1894 ஆம் ஆண்டைத் தவறாமல் குறிப்பிடுவர். லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவிய ஆண்டு அது. இந்நாட்டில் மின்சாரம் பயன்பட்டமைக்குக் கிடைக்கும் முதற்பதிவும் அதுவே. பத்துமலைக் கோயிலோடு நாம் இணைத்து நினைக்கும் பெயர் இவ்வாறு மின்சார வரலாற்றிலும் இடம்பெறுகிறது. இன்று நம் நாட்டுத் துணைமின்நிலையங்களின் கதவுகளில் மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஒரு சொல் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம்: ‘அபாயம்’.

இச்சொல்லில் ஒரு நுட்பம் உண்டு. வெயிலும் மழையும் பட்டு ஒரு துணைக்கால் உதிர்ந்துவிட்டால் ‘அபாயம்’ ‘அபயம்’ ஆகிவிடும். அஞ்சி விலக வேண்டிய இடம் அடைக்கலம் தரும் இடமாகிவிடும். வடமொழியில் இவ்விரண்டும் வேறுவேறு மெய்யொலி கொண்ட, தொடர்பற்ற சொற்கள். தமிழ் எழுத்திலோ அவற்றுக்கிடையே நிற்பது ஒரே ஒரு குறி. எச்சரிக்கைப் பலகைக்குச் சொல் தேர்வது அகராதிக்குச் சொல் தேர்வதினும் வேறான பணி என்பதற்கு இதுவே போதிய சான்று.

ஆயினும் நம் பொருள் மின்சாரமன்று, எரிபொருள். கொள்கலனுக்குள் இருப்பது இன்னது என்று வெளியே அறிவிக்கும் வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, அதில் மொழி எங்கெங்கே இடறியது என்பதை மண்ணெண்ணெய்த் தகரத்தில் தொடங்கி, ஆர்வலர்கள் தம் கொட்டகையிலேயே கட்டிப் பறக்கவிடும் சிறு விமானத்தின் தொட்டி வரை தொடர்ந்து பார்ப்போம்.

1892 இல் ‘முரெக்ஸ்’ என்னும் கப்பல் மண்ணெண்ணெயைத் தகரங்களில் அடைக்காமல், தன் வயிற்றிலேயே நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்து சிங்கப்பூர்ப் பக்கம் வந்தது. அனுப்பியவர் மார்க்கஸ் சாமுவேல்; பின்னாளில் ஷெல் என்று வளர்ந்த நிறுவனத்தின் முதல்வர். மக்கள் தத்தம் பாத்திரங்களைக் கொண்டுவந்து எண்ணெய் வாங்கிச் செல்வர் என்று அவர் கணக்கிட்டார். கணக்குப் பொய்த்தது. அமெரிக்க நிறுவனத்தின் நீலத் தகரத்தில் வந்த எண்ணெயையே மக்கள் நாடினர். ஏனெனில் அவர்கள் விலை கொடுத்தது எண்ணெய்க்கு மட்டுமன்று, தகரத்திற்கும்தான். தீர்ந்த தகரம் வாளியாயிற்று, கூரையாயிற்று, அளவுகலம் ஆயிற்று. பின்னர்ச் சாமுவேல் வெறுந்தகட்டை வரவழைத்து, ஆங்காங்கே தகரங்கள் செய்வித்து, அவற்றுக்குப் பளிச்சென்ற சிவப்பு வண்ணம் பூசச் செய்தார். பல மொழி வழங்கும் துறைமுகங்களில், எழுத்தறியாதாரும் ‘படிக்கத்’ தக்க முகப்புச்சீட்டு அவ்வண்ணமே.

அத்தகரத்தில் வந்த பொருளுக்கு மக்கள் இட்ட பெயர்கள் ஒப்பிட்டுக் காணத்தக்கவை. தமிழில் மண்ணெண்ணெய். மலாயில் ‘மிஞாக் தானா’. அதுவும் மண்ணின் எண்ணெய்தான். இந்தியில் ‘மிட்டி கா தேல்’. அதன் பொருளும் அஃதே. கோலாலம்பூர்ச் சீனர் வழங்கும் கண்டோனிய மொழியோ ‘தீநீர்’ எனப் பொருள்படும் பெயரை இட்டது. முதல் மூன்றும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கூறுகின்றன. நான்காவது அது என்ன செய்யும் என்று கூறுகிறது. முகப்புச்சீட்டின் நோக்கில் நம் வாக்கு கண்டோனிய மொழிக்கே.

எள்ளின் நெய்யே எண்ணெய் என்பது மாணவர் அறிந்த சொல்லிலக்கணம். அச்சொல் விரிந்து விரிந்து தேங்காயையும் கடலையையும் கடந்து மண்ணுக்குள்ளும் புகுந்தது. மலேசியத் தமிழில் அது மேலும் ஓர் அடி சென்றிருக்கிறது. மலாயின் ‘மிஞாக்’ பெட்ரோலையும் குறிப்பதால், நம்மவர் நிலையத்தில் வண்டியை நிறுத்தி ‘எண்ணெய் ஊற்ற வேண்டும்’ என்கின்றனர். அதே வண்டியின் இயந்திரத்திற்கு இடும் மசகும் எண்ணெய்தான். பேச்சில் இதனால் கேடில்லை. இடமும் சூழலும் பொருளை வரையறுத்துவிடும். ஆனால் மூடியின் மேல் எழுதிய சொல்லுக்குச் சூழல் துணைக்கு வருவதில்லை. விமான இயந்திரத்தின் மேல் மசகு வாயும் உண்டு, சிறகின் மேல் எரிபொருள் வாயும் உண்டு. இரண்டிலும் ‘எண்ணெய்’ என்று எழுதினால் எழுதாமல் விட்டதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

மொழியியல் மாணவர் நன்கறிந்த பெஞ்சமின் லீ வொர்ஃப் ஒரு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய வேதிப்பொறியாளர் என்பதை நம் வகுப்பறைகள் போதிய அளவு சொல்வதில்லை. 1941 இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் அவர் தம் பணிக்கால நிகழ்வுகளைக் காட்டினார். பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களுக்கு அருகே எல்லாரும் விழிப்போடு நடந்துகொள்வர். ‘காலிப் பீப்பாய்’ என்று பெயரிட்ட இடத்திலோ புகைபிடிப்பர், துண்டுச் சுருட்டை எறிவர். உண்மையில் காலிப் பீப்பாயே மிகக் கொடியது. வெடிக்கும் ஆவி அதனுள் நிறைந்திருக்கும். ‘காலி’ என்பதற்கு, வழக்கமாக இருப்பது இல்லை என்பது ஒரு பொருள். எதுவுமே இல்லை என்பது மற்றொரு பொருள். முதற்பொருளில் எழுதியதை மக்கள் இரண்டாம் பொருளில் படித்தனர். பீப்பாயைப் பார்த்தாலே காலியாகத்தானே தோன்றும், இதில் மொழியின் குற்றம் என்ன என்று 1953 இல் எரிக் லென்னபர்க் கேட்ட வினாவும் நியாயமானதே. வொர்ஃபின் பெருங்கொள்கை பிற்காலத்தில் ஆட்டங்கண்டது. அந்தப் பீப்பாய் மட்டும் இன்றும் அசையாமல் நிற்கிறது என்பது நம் கருத்து.

விமானத் துறை சாமுவேலின் வழியையும் பற்றிக்கொண்டது. உருளை இயந்திரங்களுக்குரிய விமானப் பெட்ரோலில் இன்று பெரிதும் வழங்கும் 100எல்எல் என்னும் தரத்திற்கு நீலச் சாயம் ஊட்டுகின்றனர். முன்பு 80 ஆம் தரம் சிவப்பு, 100 ஆம் தரம் பச்சை. ஜெட் எரிபொருளுக்குச் சாயம் இல்லை. அது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. உருளை இயந்திரத் தொட்டியில் தவறி அதை ஊற்றினால் தீங்கு உடனே வெளிப்படாது. குழாய்களில் எஞ்சிய பெட்ரோல் விமானத்தை ஓடுபாதை வரையிலும், சில வேளை வானிலும் கொண்டுசெல்லும். பிறகே இயந்திரம் வெடியதிர்ந்து நின்றுபோகும்.

இத்தவறு நேர்ந்த வழிகளுள் ஒன்று சொல்லால் நேர்ந்தது. காற்றை அழுத்தி ஊட்டும் கருவி பூட்டிய உருளை இயந்திர விமானங்களின் மேல் ‘டர்போ’ என்று பெருமையாக எழுதியிருந்தனர். எரிபொருள் ஊற்றுவோர் அதைச் சுழலி, அதாவது ‘டர்பைன்’, எனக் கொண்டு ஜெட் எரிபொருளை ஊற்றினர். இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே: சுழற்சியைக் குறிக்கும் இலத்தீன் சொல். புகழ்பெற்ற விமானி பாப் ஹூவரும் இத்தகைய மாற்று நிரப்பலுக்கு ஆளாகி உயிர்தப்பினார். அவருடைய விமானத்தை அதே குடும்பத்துச் சுழலி விமானமாக ஊழியர் கருதிவிட்டார். அதன்பின் ஜெட் எரிபொருள் குழாயின் வாயை அகலமாக்கி, பெட்ரோல் தொட்டியின் வாயைக் குறுக்கும் முறை பரவியது. அகல வாய்க் குழாய்க்கு இன்றும் ஹூவர் பெயரே வழங்குகிறது. சொல் தோற்ற இடத்தில் வடிவம் காவல் நின்றது.

தொழிற்சாலை விமானத்தில் இவற்றையெல்லாம் விதிகள் பார்த்துக்கொள்ளும். தாமே கட்டிய விமானத்தில் எழுத்தரும் கட்டியவரே. 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியக் கடற்கரையில் வீழ்ந்து இறந்தது பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி வகை விமானத்தில். பிறர் ஒருவர் கட்டி, டென்வர் அண்மையில் வாங்கியது. அதே வடிவத்தைத் தழுவிப் பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகமும் 1980களில் ஓர் ஆய்வு விமானம் செய்து பறக்கவிட்டது. டென்வரின் விமானத்தில் தொட்டி மாற்றும் கைப்பிடி, வரைபடத்தில் காட்டிய இடத்தில் இல்லாமல், விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் இருந்தது. அதனருகே எழுத்தேதும் இல்லை. மேல்நோக்கி வைத்தால் அடைப்பு. வலப்பக்கம் திருப்பினால் இடத் தொட்டி. கீழ்நோக்கினால் வலத் தொட்டி. எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடியிலும் கோடுகள் இல்லை. புறப்படுமுன் எரிபொருள் நிரப்பாததும், கைப்பிடியைத் திருப்ப முயல்கையில் விமானம் கட்டுப்பாடிழந்ததும் காரணங்கள் என விசாரணை வாரியம் கண்டது. எட்டாத இடத்தில் குறியிடாமல் வைத்த கைப்பிடியையும் குறியில்லா அளவுக் கண்ணாடியையும் துணைக்காரணங்களாக எழுதிவைத்தது. கட்டியவருக்கு அவ்வமைப்பு மனப்பாடம். வாங்கியவருக்கோ அது எழுதப்படாத மொழி.

இனித் தமிழில் எழுதுவதாயின் யாது எழுதுவது? செய்தித்தாள்கள் வழங்கும் ‘விமான எரிபொருள்’ இங்கே உதவாது. பெட்ரோலும் ஜெட் எரிபொருளும் அதனுள் அடங்கும். ‘கன்னெய்’ போன்ற ஆக்கங்கள் அழகியவையே. நாமும் அவற்றைக் கற்பித்துள்ளோம். ஆனால் எரிபொருள் குழாயைக் கையில் பிடித்தவர் ஒரு நொடியில் அறியாத சொல்லுக்கு மூடியின் மேல் இடமில்லை. ‘விமானப் பெட்ரோல்’, ‘விமான மண்ணெண்ணெய்’ என்னும் இரண்டையும் நாம் பரிந்துரைக்கிறோம். முதலெழுத்துகள் ஒன்றாயிருப்பதால், வேறுபடும் பகுதியைப் பெரிதாக எழுதவேண்டும்.

தொடரமைப்பு மற்றொன்று. ஆங்கிலமும் மலாயும் விலக்கை முன்வைக்கும் மொழிகள். ‘ஜாங்ஙான்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் கை நின்றுவிடும். தமிழில் எதிர்மறை வினையின் இறுதியில் வருகிறது. ‘மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது’ என்று எழுதுகிறோம். தொட்டியின் வாயருகே பெட்ரோல் சிந்தும். சிந்திய இடத்தில் மை கரையும். வரியின் கடைசி எழுத்துகள் அழிந்தால் எஞ்சுவது ‘மண்ணெண்ணெய் ஊற்ற’. ஆதலால் மூடியின் மேல் விலக்கு வேண்டா. ஊற்ற வேண்டியதை மட்டும் எழுதுக: ‘பெட்ரோல் 100எல்எல் மட்டும்’. இதில் ‘மட்டும்’ அழிந்தாலும் உள்ளே போவது பெட்ரோலாகவே இருக்கும்.