தாய்வழித் தளை

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து அன்புவழிபுரம் என்றோர் ஊர் இருக்கின்றது. அன்பை வழியாகக் கொண்ட ஊர் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்லலாம். ஆனால் அத்துறைமுகத்தை அடுத்தடுத்து ஆண்ட ஐரோப்பியர் நடந்த வழி வேறு. 1624இல் அங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கேயரும், அவர்களை வென்ற ஒல்லாந்தரும், 1795இல் அதனைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் மனிதரை விலைப்பொருளாகக் கருதும் வழக்கத்தோடு வந்தவர்களே. ஆபிரிக்கக் கரையிலிருந்து கொணரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் காப்பிரிகள் என்னும் பெயருடன் திருகோணமலையிலும் புத்தளத்திலும் வாழ்ந்து வந்தமை இதற்குச் சான்று. 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, பசியால் விற்கப்பட்ட தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் ஒல்லாந்தரின் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் வந்திறங்கியதும் இலங்கைக் கரையில்தான்.

அடிமை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது அமெரிக்கப் பருத்தித் தோட்டமே. ஆனால் அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கையிலும் அடிமை முறை சட்டத்தின் காவலோடு நிலைபெற்றிருந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நாட்டில் அது இருவகையாக இருந்தது. கொழும்பு, காலி போன்ற துறைமுக நகரங்களில் ஒல்லாந்தக் குடும்பத்தினரின் வீடுகளில் வீட்டடிமைகள் இருந்தனர். சமைப்பதும், துணி வெளுப்பதும், பிறர் பிள்ளைக்குப் பாலூட்டித் தாலாட்டுவதும் அடிமைப் பெண்ணின் வேலை. யாழ்ப்பாணப் பகுதியிலோ அடிமை முறை நிலத்தோடும் சாதியோடும் பின்னிக் கிடந்தது. கோவியர், நளவர், பள்ளர் எனப்பட்ட சமூகத்தவரை அடிமைகள் என்று சட்டமே பெயர் குறித்து வைத்திருந்தது. ஆண்கள் ஏர் பிடித்தனர், வேலி அடைத்தனர், பனையேறினர். பெண்கள் நாற்று நட்டனர், களை பிடுங்கினர், நெல் குற்றினர், தண்ணீர் சுமந்தனர். பொழுது சாய்ந்தபின் தம் குடிசைக்குத் திரும்பினால் அங்கே அடுப்பும் குழந்தையும் காத்திருந்தன. நாளுக்கு இரண்டு உழைப்பு. அவற்றுள் ஒன்றேனும் அவர்களுக்கென்று கணக்கில் வைக்கப்படவில்லை.

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் நிலை இதுவே. விடியுமுன் வயலுக்குச் சென்ற பெண், ஆணுக்குச் சமமாகப் பருத்தி பறித்தாள். மாலையில் அவள் பறித்ததைத் தராசிலிட்டு நிறுத்தனர். எடை குறைந்தால் சவுக்கடி. வாரந்தோறும் அளந்து கொடுக்கப்பட்ட சோள மாவும் சிறிது பன்றி இறைச்சியுமே உணவு. பிள்ளை பெற்ற சில வாரங்களில் மீண்டும் வயலுக்குச் செல்ல வேண்டும். இரவிலோ நூல் நூற்றலும் கிழிந்த துணியைத் தைத்தலும். 1860ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இவ்வாறு அடிமைப்பட்டிருந்தோர் ஏறத்தாழ நாற்பது இலட்சம் பேர்.

கடல் கடந்த இவ்விரு நாடுகளையும் ஒரு கொடிய விதி இணைத்தது. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662இல் வர்ஜீனியா குடியேற்ற நாட்டினர் சட்டம் இயற்றினர். யாழ்ப்பாண வழக்கங்களை 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தேசவழமை என்று தொகுத்தபோது, அதிலும் அடிமைப் பெண்ணின் மக்கள் அவளுடைய உடையவனுக்கே உரியர் என்ற விதி இடம்பெற்றது. தந்தை யார் என்பது கேள்வியன்று. தாயின் வயிறே தளை வார்க்கும் உலைக்களமாயிற்று. 1808இல் அமெரிக்கா ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுத்த பின்னர், பிள்ளை பெறும் பெண்ணுக்கு விலை கூடிற்று. தாய்மை சந்தைக் கணக்கில் ஏறிய இழிவை என்னென்பது?

விடுதலைச் சட்டங்களும் இந்த வழியாகவே வந்தன என்பது வியப்புக்குரியது. 1784இல் கனெக்டிகட் மாநிலமும் 1799இல் நியூயோர்க் மாநிலமும் இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டுமே விடுதலை வகுத்தன. அதுவும் அவர்கள் இளமையெல்லாம் எசமானிடம் உழைத்துக் கழித்த பின்னரே. இலங்கையில் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் தூண்டியதன் பேரில், 1816 ஆகஸ்ட் 12ஆம் நாள் முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று கொழும்பின் அடிமை உடைமையாளர் தீர்மானித்தனர். அப்பிள்ளைகளும் பதினான்கு வயது வரை எசமானின் வீட்டிலேயே இருத்தல் வேண்டும். 1821இல் அரசாங்கம் மேலும் ஒரு படி சென்றது. யாழ்ப்பாணத்து அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண் மகவுகளை அரசாங்கமே விலை கொடுத்து மீட்கும் என்று சட்டம் வந்தது. கோவியப் பெண் குழந்தைக்கு 3 றிக்ஸ் டொலர். நளவர், பள்ளர் பெண் குழந்தைக்கு 2 றிக்ஸ் டொலர்.

பெண் குழந்தையை மட்டும் மீட்டது ஏன்? தாய்வழியே அடிமைத்தனம் தொடர்வதால், பெண் பிள்ளை சுதந்திரியாகிவிட்டால் அடுத்த தலைமுறையில் அடிமையே பிறவார் என்பது கணக்கு. செலவு குறைவு, உடைமையாளருக்கும் மனக்கசப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் தாய்க்கு இடமில்லை. தொட்டிலில் கிடக்கும் மகள் சுதந்திரி. தொட்டிலை ஆட்டும் தாய் அடிமை. மகளோடு பிறந்த ஆண்மகனும் அடிமையே.

தாய் ஒருத்தி இத்தகைய கணக்கை எதிர்த்து நின்ற கதை நியூயோர்க்கில் உண்டு. பிற்காலத்தில் சோஜர்னர் துரூத் எனப் புகழ்பெற்ற அப்பெண், 1826இல் கைக்குழந்தையுடன் எசமானின் வீட்டை விட்டு நடந்து வெளியேறினாள். அவளுடைய மகன் பீட்டர் சட்டத்துக்கு மாறாகத் தொலைவிலுள்ள அலபாமாவுக்கு விற்கப்பட்டிருந்தான். எழுதப் படிக்கத் தெரியாத அத்தாய் நீதிமன்றம் ஏறி வழக்காடி, 1828இல் மகனை மீட்டாள்.

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது இலங்கை அதிலிருந்து விலக்கப்பட்டது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே இங்கு அடிமை முறையை முற்றாக நீக்கிற்று. யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிமார் வந்தது 1816இல். 1824இல் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் கனெக்டிகட் மாநிலத்தவர். அவர் பிறந்த மாநிலத்தில் அடிமை முறை அடியோடு ஒழிந்தது 1848இல். இலங்கைக்கு நான்காண்டு பிந்தி! அமெரிக்கா முழுவதும் விடுதலை பெறுவதற்கோ உள்நாட்டுப் போரின் குருதி சிந்தி 1865 வரை காத்திருக்க நேர்ந்தது.

சட்டம் தளையை அறுத்தது; ஆனால் நிலம் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் விடுதலை பெற்றோர் பழைய எசமானரின் நிலத்தையே வாரத்துக்கு உழுது கடனாளிகளாயினர். யாழ்ப்பாணத்தில் அடிமை என்ற சொல் மறைந்த பின்னும் ஆலயக் கதவும் ஊர்க் கிணறும் பெண்களின் மேலாடையும் கூட நெடுங்காலம் சாதியின் ஆணைக்கு உட்பட்டிருந்தன. சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957இல்தான் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் மக்கள் போராட வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றில் அரசர் பெயரும் தேசாதிபதியர் பெயரும் நிற்கின்றன. நெல் குற்றிய கையின் பெயர் நிற்கவில்லை. இரண்டு வெள்ளிக்காசு விலையில் விடுதலை பெற்ற மகளை மடியில் வைத்துக்கொண்டு, தான் மட்டும் மறுநாள் விடியலில் எசமானின் வயலுக்குப் போன தாயின் பெயரும் இல்லை. அன்புவழிபுரம் என்று ஓர் ஊருக்குப் பெயரிடுதல் எளிது. அவ்வழியில் ஒரு சமுதாயம் நடக்க வேண்டுமாயின், பெயரற்ற அத்தாயரின் உழைப்பையும் கண்ணீரையும் முதலில் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.