ஒரு கோளம் இரண்டான கதை

இன்று உக்ரைனில் லிவிவ் என வழங்கும் நகரம் போலந்து தேசத்தின் லுவூவ் நகரமாக விளங்கிய காலத்தில், அங்கே கணிதம் போதித்து வந்த ஸ்டெஃபான் பனாக்கும், வார்ஸாவில் வளர்ந்த இளைஞரான ஆல்ஃபிரெட் தார்ஸ்கியும் 1924இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, ஆகாசத்தைப் பற்றி யூக்ளிட் காலந்தொட்டு வேரூன்றியிருந்த நம்பிக்கையொன்றை அசைத்துவிட்டது. திண்மையான ஒரு கோளத்தைச் சில துண்டுகளாகப் பகுத்து, அவற்றை நீட்டாமலும் சுருக்காமலும் நகர்த்தியும் சுழற்றியும் மட்டுமே மறுபடி பொருத்தினால், முதற்கோளத்துக்கு அளவில் சற்றும் குறையாத இரண்டு கோளங்கள் கிடைக்கும் என்பதே அவர்கள் நிறுவிய பிரமேயம்.

இதன் வேர் 1904இல் இருக்கிறது. பொருள்களின் தொகுப்புகளான கணங்கள் எத்தனை கோடியாயினும், முடிவின்றிப் பெருகியவையாயினும், ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பை, இன்ன விதிப்படி என்று சொல்லாமலேயே தேர்ந்துகொள்ளலாம் என்ற தேர்வு அடிகோளை அவ்வாண்டில் கணித அறிஞர் ஸெர்மெலோ வெளிப்படையாக எடுத்துரைத்தார்; பிரான்சின் பொரேல் முதலிய பேரறிஞர்கள் அதை எதிர்த்தனர். தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் யாவும் சேர்ந்த கணம் தனக்குத் தான் உறுப்பாகுமா என்று 1901இல் ரஸ்ஸல் எழுப்பிய வினா, ஆமென்றாலும் அன்றென்றாலும் முரணில் முடிந்து அஸ்திவாரத்தையே கலக்கியிருந்த நிலையில், ஸெர்மெலோ 1908இல் கணக்கொள்கை முழுவதற்கும் அடிகோள்களை வகுத்தபோது தேர்வையும் விடாது சேர்த்துக்கொண்டார். அந்த அடிகோளைக் கொண்டே 1914இல் ஹவுஸ்டோர்ஃப், கோளப்பரப்பின் ஒரு பகுதி அதன் மூன்றிலொன்றாகவும் பாதியாகவும் ஒருங்கே தோன்றுமாறு பகுத்துக் காட்டினார். யூதராகப் பிறந்த அந்த மேதை, நாஜிகளின் முகாமுக்கு அனுப்பப்படவிருந்த வேளையில், 1942 ஜனவரியில் பான் நகரில் மனைவியோடு உயிர்நீத்தார் என்பதை நெஞ்சு பதறாமல் எழுத இயலவில்லை.

இனி, கோளம் இரண்டாகும் அந்த விந்தையின் இயந்திரத்தை அருகிருந்து பார்ப்போம். கோளத்தின் மையத்தில் செங்குத்தாகச் சந்திக்கும் இரண்டு அச்சுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் பற்றி ஏறத்தாழ 70.5 பாகை முன்னும் பின்னும் சுழற்றலாம் எனக் கொள்வோம். ஒரு சுழற்சியை உடனே எதிர்ச்சுழற்சியால் அழித்தாலன்றி, எத்தனை முறை எவ்வரிசையில் சுழற்றினாலும் கோளம் தொடக்க நிலைக்குத் திரும்புவதில்லை. கடைசியில் நிகழ்ந்த சுழற்சியை வைத்து இவ்வரிசைகளை நான்கு வகுப்புகளாக்கினால், முதல் அச்சில் பின்சுழற்சியோடு முடியும் வகுப்புக்கு ஒரு முன்சுழற்சியைக் கூட்டியவுடனே, அந்த இறுதிச் சுழற்சி அழிந்து, முன்சுழற்சியோடு முடிவன தவிர எஞ்சிய அனைத்தும் கிடைத்துவிடுகின்றன. ஆகவே முதல் அச்சின் இரு வகுப்புகளே முழுமையை உண்டாக்கப் போதும். இரண்டாம் அச்சின் இரு வகுப்புகளும் மற்றொரு முழுமையைத் தருகின்றன. இவ்வரிசைகளால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அடையக்கூடிய புள்ளிகளை ஒரு குடும்பமாக்கி, குடும்பத்துக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தால் இந்தப் பகுப்பு கோளத்தின்மேல் ஏறிவிடும். தேர்வு அடிகோள் நுழையும் வாசல் அதுதான். அச்சுகளில் அகப்படும் புள்ளிகளையும் மையத்தையும் தனியே சரிசெய்ய வேண்டும். ஐந்து துண்டுகள் போதும், நான்கு போதா என்று 1947இல் ராபின்சன் நிறுவினார்.

அத்துண்டுகள் கத்தியால் அறுக்கத்தக்கவை அல்ல. அவற்றுள் சிலவற்றிற்குக் கன அளவு என்ற ஒன்றே கிடையாது. அணுக்களாலான பொன்னுருண்டை இதனால் இரட்டிக்காது. கன அளவு இல்லாதவிடத்தில் அது பெருகிற்று என்று குறைசொல்ல நியாயமில்லை.

ஆயினும் பலர் பழி முழுவதையும் தேர்வு அடிகோளின்மீதே சுமத்தினர். அது பாதி நியாயந்தான் என்பது என் துணிபு. அதே அடிகோளைக் கைக்கொண்டு, சமதளத்தில் எல்லைக்குட்பட்ட எல்லாக் கணங்களுக்கும் பெயர்ச்சியால் மாறாத ஒரு பரப்பளவை வகுக்கலாம் என்று பனாக்கே 1923இல் நிறுவியிருந்தார். வேறுபாட்டின் காரணத்தை 1929இல் ஃபான் நொய்மன் கண்டார்: மூன்று திசைகளுள்ள வெளியில் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாத இரு சுழற்சிகள் உண்டு, சமதளத்தின் பெயர்ச்சிகளில் அத்தகைய இணை கிடையாது. தேர்வு அடிகோள் மட்டுமே காரணமாயின் தட்டையான வட்டமும் இரண்டாகியிருக்க வேண்டும், அது ஆவதில்லை.