கூடம் கோணல்தான்!

 

"புதுப்புதுக் கருவிகளோடு தடுமாறுகிறோமே, குறை மனிதரிடமா, கருவியிடமா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரே பழமொழியில் கதையை முடிச்சிட்டாரு. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்"னு சொன்னாரு. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். பழமொழி நல்லாத்தான் இருக்கு. ஆனா ஐயா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கூடம் நிஜமாவே கோணலா இருந்துட்டா? யாராவது நூல் பிடிச்சுப் பார்த்தீங்களா? (சிரிப்பு)

முதலில் எங்கள் வீட்டுச் செய்தி ஒன்று. என் தாயாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் நான் கல்லூரிக்குப் போய்விட்டு மாலையில் வருகிறேன். அம்மா இருட்டில் உட்கார்ந்திருக்காங்க. எதிரே டி.வி. "சிக்னல் இல்லை" என்று எழுதிக் காட்டுகிறது. "என்னம்மா?"ன்னு கேட்டேன். "நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போலிருக்குப்பா. இனிமே நான் அதைத் தொடமாட்டேன்"னாங்க. நடந்தது என்ன தெரியுமா? டி.வி.க்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ரிமோட். கை தவறி வேறு ரிமோட்டில் வேறு பொத்தான் பட்டுவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்த அம்மா மத்தியானம் முழுக்கக் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்காங்க. நடுவர் அவர்களே, இந்த வழக்கில் என் கட்சிக்காரர் அவங்கதான். (கைதட்டல்)

இந்த ரிமோட்டின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஜெனித் என்று ஒரு டி.வி. நிறுவனம். அதன் தலைவர் மெக்டொனால்டுக்கு விளம்பரம் என்றாலே எரிச்சல். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதன் வாயை மூட ஒரு கருவி வேண்டும் என்றார். 1950-ல் ஒன்று வந்தது. பெயர் 'லேசி போன்ஸ்', அதாவது சோம்பேறி. டி.வி.யிலிருந்து ஒரு நீளமான வயர், அதன் நுனியில் பொத்தான். சோம்பேறி சௌக்கியமாக உட்கார்ந்திருப்பார். குறுக்கே நடந்தவர்கள் வயர் தடுக்கி விழுவார்கள்! (சிரிப்பு) விழுந்தவருக்கு நடக்கத் தெரியாது என்று சொல்வீர்களா?

1955-ல் அதே நிறுவனத்துப் பொறியாளர் யூஜின் பாலி, வயரே இல்லாத 'ஃப்ளாஷ்மேடிக்' என்ற ரிமோட்டைச் செய்தார். துப்பாக்கி மாதிரி இருக்கும். திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள். எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறோமோ, அதற்கேற்ற வேலை நடக்கும். அருமையான யோசனை. ஆனால் சூரியனும் வெளிச்சம்தானே அடிக்கிறான்? ஜன்னல் வழியாக வெயில் வந்தால் சேனல் தானாக மாறியது. இப்ப எதிரணி யாரைக் குற்றம் சொல்லும்? சூரியன் மேனுவலைப் படிக்கவில்லை என்றா? (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்த ஆண்டு, 1956. ராபர்ட் அட்லர் என்ற இயற்பியல் அறிஞர் 'ஸ்பேஸ் கமாண்ட்' ரிமோட்டைத் தந்தார். உள்ளே சின்னச் சின்ன அலுமினியக் கம்பிகள். பொத்தானை அழுத்தினால் ஒரு குட்டிச் சுத்தியல் கம்பியைத் தட்டும். மனிதக் காதுக்குக் கேட்காத ஓர் ஒலி கிளம்பும். டி.வி. அதைக் கேட்டுக்கொண்டு சேனலை மாற்றும். நம்ம கோயில் மணி மாதிரிதான், ஆனா அடிச்சவனுக்குக் கேக்காது!

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த ரிமோட்டுக்கு பேட்டரி கிடையாது. ஏன்? "பேட்டரி தீர்ந்துபோனால், டி.வி.யே கெட்டுப்போச்சு என்று வாடிக்கையாளர் நினைத்துவிடுவார். அதனால் பேட்டரி வேண்டாம்" என்று விற்பனைப் பிரிவினர் சொன்னார்கள். கவனியுங்கள் ஐயா! வாங்குகிறவர் எங்கே குழம்புவார் என்று முன்கூட்டியே யோசித்துக் கருவியைத் திருத்தியிருக்கிறார்கள். அதிலும் குறை இருந்தது. சாவிக்கொத்து குலுங்கினால்கூடச் சில நேரம் சேனல் மாறும். ஆனாலும் 1980-களின் தொடக்கத்தில் அகச்சிவப்புக் கதிர் ரிமோட்டுகள் வந்து பரவும்வரை, கால் நூற்றாண்டுக் காலம் அந்த முறை நின்றது.

அடுத்த சாட்சியைக் கூப்பிடுகிறேன். வி.சி.ஆர். நம்ம ஊரில் அதுக்குப் பேரு 'டெக்கு'. வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி, விடிய விடிய மூணு படம் பார்த்த தலைமுறை இந்த அரங்கில் பாதிப்பேர் இருக்கீங்க.

1975-ல் சோனி நிறுவனம் 'பீட்டாமேக்ஸ்' கொண்டு வந்தது. 1976-ல் ஜே.வி.சி. நிறுவனம் 'வி.எச்.எஸ்.' கொண்டு வந்தது. படத்தின் தெளிவில் பீட்டா ஒரு படி மேல் என்று சொன்னவர்கள் பலர். ஆனால் தொடக்கத்தில் பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதியலாம். வி.எச்.எஸ்.ஸில் இரண்டு மணி நேரம். ஒரு மணி நேர கேசட்டில் ஒரு சினிமா அடங்குமா? பீட்டா பின்னால் நேரத்தைக் கூட்டிப் பார்த்தது. ஆனாலும் சந்தை வி.எச்.எஸ். பக்கம் சாய்ந்துவிட்டது. கடைசியில் 1988-ல் சோனியே வி.எச்.எஸ். கருவி செய்ய இறங்கிவந்தது. தெளிவு மட்டும் போதாது, வீட்டின் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

அந்த டெக்கில் ஒரு கடிகாரம் இருந்தது. கரண்ட் போய் வந்தால், பன்னிரண்டு... பன்னிரண்டு... என்று கண்சிமிட்டும். அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் அது அப்படியே சிமிட்டிக்கொண்டே கிடந்தது. அதைச் சரி செய்து, சேனல் சொல்லி, தேதி சொல்லி, தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாம் சொன்னால்தான் நாம் வெளியே போயிருக்கும்போது நிகழ்ச்சி பதிவாகும். படித்தவர்களே தோற்றார்கள். "ஜனங்களுக்கு அறிவு போதாது" என்று கேலி பேசினார்கள்.

1990-ல் 'வி.சி.ஆர். பிளஸ்' என்று ஒன்று வந்தது. பத்திரிகையில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பக்கத்திலும் ஓர் எண் அச்சிட்டார்கள். அந்த எண்ணை மட்டும் தட்டினால் போதும், நிகழ்ச்சி பதிவாகிவிடும். எத்தனையோ வீடுகளில் பதிவானது! எதிரணி நண்பர்களே, ஒரே ஒரு கேள்வி. 1989-ல் முட்டாளாக இருந்தவர் 1990-ல் எப்படிப் புத்திசாலி ஆனார்? ஆள் மாறவில்லை. கருவி மாறியது. அப்படியென்றால் குறை எங்கே இருந்தது? (பலத்த கைதட்டல்)

டொனால்டு நார்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதற்காகவே 1988-ல் ஒரு புத்தகம் எழுதினார். கதவு, குழாய், அடுப்புத் திருகி மாதிரி அன்றாடப் பொருள்களை எடுத்து ஆராய்ந்தார். பொருளின் அமைப்பு சரியில்லாதபோதும் மனிதர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன பெரிய உண்மை. இழுக்கிற மாதிரி கைப்பிடி வைத்துவிட்டு, தள்ளினால்தான் திறக்கும் என்ற கதவுகளை இன்று 'நார்மன் கதவு' என்றே சொல்கிறார்கள்.

"எதையும் கத்துக்கத்தானே வேணும்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் மறுக்கவில்லை. என் தாயாரும் கத்துக்கிட்டவங்கதான். ஐம்பது வருஷம் தையல் மெஷின் மிதிச்சவங்க. அந்த நூல் போகிற பாதையை நினைச்சுப் பாருங்க. மேலே ஏறி, கொக்கியில் மாட்டி, வளைந்து இறங்கி, ஊசிக் காதில் நுழையணும். ரிமோட்டைவிட அது சுலபமா? இல்லை! ஆனா தப்பு செஞ்சா மெஷின் உடனே காட்டிக்கொடுக்கும். நூல் அறுந்தது கண்ணுக்குத் தெரியும். எங்கே தப்பு என்று தெரிந்தால், திருத்திக்கொள்ள எங்க அம்மாவுக்குத் தெரியும். "சிக்னல் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊமையாக நிற்கிற கருவியிடம் யார் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

அன்று ராத்திரி நான் ஒரு வேலை செய்தேன். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் வேண்டிய ஐந்து பொத்தான்களை விட்டுவிட்டு, மற்றதெல்லாம் தெரியாமல் பிளாஸ்திரி ஒட்டினேன். டி.வி. ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன். இரண்டும் ஒன்றாக எரிய, சுவரில் ஒரே ஸ்விட்ச். மறுநாள் அம்மா தானே போட்டு, தானே பார்த்து, பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தாங்க. எண்பது வயசு, ஒரே ராத்திரியில் எப்படி அறிவு வளர்ந்தது?

தாய்மார்களே, பிள்ளைகளே! வீட்டில் ஒரு பெரியவர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறினால், "உனக்கு ஒண்ணும் தெரியாது, கொண்டா இப்படி"ன்னு பிடுங்காதீங்க. அவங்க கையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் உட்காருங்க. அந்தக் கருவியைத்தான் சந்தேகப்படணும், அவங்களை அல்ல.

நடுவர் அவர்களே, நூல் பிடித்துப் பார்த்துவிட்டேன். கூடம் கோணல்தான். எங்கள் அம்மா நன்றாகவே ஆடுவார்கள் என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)